சுவரோர நாற்காலி

அத்தியாயம் பதினொன்று

கேலன் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். கோப்பை நிறைந்தது. அவன் நிறுத்தவில்லை.

காபி வழிந்து மேஜை விரிப்பில் பரவியது. விரிப்பின் ஓரத்திலிருந்து அவன் முழங்காலிலும், அங்கிருந்து தரையிலும் சொட்டியது. அவன் கண்கள் திறந்துதான் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிற மாதிரி இருந்தன. உதடுகள் மட்டும் எதையோ மென்றன.

அடுப்படியில் நின்ற அவன் மனைவி ஆர்டிஸ் அசையவில்லை. முதல் தடவை இப்படி வந்தபோது அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள், பெயர் சொல்லி அலறினாள். எதுவும் அவனை எட்டவில்லை. இப்போதெல்லாம் காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். காத்திருப்பதுதான் அலறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு அவன் திரும்பி வந்தான்.

"என்ன, இப்படிப் பாக்கற?" என்றான். குனிந்து மடியைப் பார்த்தான். "அட. கை தவறிப்போச்சு."

"சூடா இல்லையா?"

"பரவாயில்லை."

துணியை எடுத்து அவனே துடைத்தான்.

அக்டோபரிலிருந்தே கேலன் ஸ்கார் இப்படித்தான் நின்று நின்று போகிறான் என்பது ஆர்டிஸுக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஹாவர்ஸ்டாட் மாவட்டத்தின் வடக்கு ரோட்டில் பதினேழு வருடமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், மறந்துபோன கையுறையைக் கொடுக்க ஆர்டிஸ் காரில் பின்னால் போனபோதுதான் அது நடந்தது. எதிரே பள்ளிக்கூட பஸ் வந்துகொண்டிருந்தது. லாரி பஸ்ஸை நோக்கியே ஊர்ந்தது. கடைசி நொடியில், யாரும் திருப்பாமலே, ரோட்டின் சாய்வில் சரிந்து பள்ளத்தில் இறங்கி நின்றது.

ஊருக்குத் தெரிந்த கதை வேறு. குறுக்கே மான் பாய்ந்தது, பஸ்ஸைப் பார்த்துவிட்ட கேலன் தன் உயிரை மதிக்காமல் பள்ளத்தில் இறக்கினான் என்பது ஊர்க் கதை. சர்ச்சில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். லூத்தரன் கிறிஸ்தவர்கள் சர்ச்சில் கைதட்டுவது சாதாரணம் இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பஸ்ஸில் இருந்த ஒரு குழந்தை வரைந்த படம் இன்னும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ஆரஞ்சு லாரி, மஞ்சள் பஸ், நடுவில் இரண்டையும்விடப் பெரிய கொம்புகளோடு ஒரு மான். கீழே, 'நன்றி கேலன் மாமா'.

"இன்னைக்கு மட்டும் வாரியத்துல உள்ளதைச் சொல்லிடு கேலன்," என்றாள் ஆர்டிஸ். "உன்ன கெஞ்சிக் கேக்கறேன்."

"கேட்டா சொல்லிட்டுப் போறேன்."

"டாக்டர் கேட்டாரே. என்ன சொன்ன?"

அவளே சொன்னாள். அந்த அறிக்கை அவளுக்கு மனப்பாடம்.

"தூக்கம் எப்படி? பரவாயில்லை. ஞாபகம் தப்புதா? எல்லாருக்கும் வர்றதுதானே. வேலை செய்ய முடியுதா? சமாளிச்சுக்கறேன். அந்த மனுஷன் என்ன செய்வாரு? 'குறை ஏதும் இல்லை'ன்னு எழுதிட்டாரு. நீ போன நேரம் பாத்து அது வரவும் இல்ல."

"குறை சொல்றது என் பழக்கமில்ல."

அது அவர்கள் குடும்பத்தில் யாருக்குமே பழக்கமில்லை. கேலனின் அப்பா ஒருமுறை டிராக்டருக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தபோது பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு, "உனக்கு வேலை முடிஞ்சதும் இந்தப் பக்கம் கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்று கேட்டவர்.

"இன்னையோட உன் லீவு முடியுது," என்றாள் ஆர்டிஸ். "மருத்துவ ஓய்வு கேட்டு நாம போட்ட விண்ணப்பத்தத் தள்ளிட்டு, நீ நல்லா இருக்கேன்னு அந்த வாரியம் சொல்லிட்டா நாளைக்கு உன்ன லாரியில ஏத்துவாங்க. நாளைக்குப் புயல் வருதுன்னு ரேடியோல சொல்றான். நீ ஏறுவியா?"

"கூப்பிட்டா ஏறித்தானே ஆகணும்."

"ஏற மாட்டேன்னு சொல்லு!"

"ஏன்னு கேப்பாங்க."

"சொல்லு, ஏன்னு."

"என்னன்னு சொல்ல? அந்தக் குழந்தைங்களக் காப்பாத்தினது நான் இல்லன்னா? கொல்லப் பாத்தது நான்னா?" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. உடனே இறங்கியும் விட்டது. "வாரியத்துல அந்த மானைப் பத்தி நீ வாயத் திறந்த, ஆர்டி, அப்புறம் இந்த ஊர்ல நான் இருக்க மாட்டேன். எங்கயாவது போயிடுவேன். சத்தியம் பண்ணு."

அவன் கண்ணைப் பார்த்து அவள் சத்தியம் செய்தாள். செய்யாவிட்டால் அவன் கூட்டத்துக்கே வரமாட்டான்.

*

மாவட்ட அலுவலகத்தில், தரைக்குக் கீழே உள்ள தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில்தான் ஊழியர் ஓய்வூதிய வாரியம் கூடும். கோடையிலும் குளிர்காலத்திலும் அங்கே ஒரே வெக்கை.

கேலன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு முன்னால் உள்ளே போனான். நடைவழியில் மார்லிஸ் நின்றிருந்தாள், கையில் வெள்ளித்தாள் மூடிய தட்டோடு. எலுமிச்சை கேக் துண்டுகள். இந்தக் கூட்டத்துக்குப் பலகாரம் அவள் முறை.

மார்லிஸ் கேலனின் அக்கா. மாவட்டப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் சேர்ந்து ஓட்டுப் போட்டு அவளைத் தங்கள் சார்பில் வாரியத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

"சாப்பிட்டியா?" என்றாள். ஆர்டிஸின் முகத்தைப் பார்த்ததும் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள். "என்ன ஆச்சு?"

"அக்கா, இன்னைக்கு அவருக்காக நீங்க பேசணும்."

"நான் எப்படிடீ பேசறது? நான் சுவரோரம்ல உக்காரணும்."

அது அந்த மாவட்டத்து வழக்கம். வாரியத்தில் சொந்தக்காரர் விவகாரம் வந்தால், அந்த உறுப்பினர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட வேண்டும். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, இருமினால்கூட முறைப்பார்கள். ஆனால் ஆள் கணக்கில் உண்டு. நாலு பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தமான ஊரில் வேறு எப்படித்தான் கூட்டம் நடத்துவது? மேஜையைச் சுற்றி இருப்பவர்களைவிடச் சுவரோரம் இருப்பவர்கள் அதிகமான நாளும் உண்டு.

"வெளிய வந்து நில்லுங்களேன். எப்படியாவது தள்ளிப்போடுங்க."

"இன்னைக்கு நாலாவது ஆளே நான்தான். நான் வெளிய போனா கூட்டமே இல்ல, லீவு முடிஞ்சவன நாளைக்கு லாரியில ஏத்திடுவாங்க. இன்னொரு உறுப்பினர் ஓரின் வரல. அவர் வீட்டு ரோடு பனியில மூடிக் கிடக்கு." கசப்பாகச் சிரித்தாள். "வடக்கு ரோடு. கேலன் லீவுல இருக்கான் இல்ல? இருக்கற ஒரே டிரைவர் தெற்குப் பக்கம் போயிருக்கான். நம்ம பையன் ஓட்டியிருந்தா விடியறதுக்குள்ள திறந்திருப்பான்னு எங்க தலைவர் வெர்டெல் ஃபோன்ல புலம்பறாரு."

"வெறும் ஆலோசனைதானே அக்கா இது? மாடியில கூடற மாவட்ட மன்றத்துல மாத்த மாட்டாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு யாரோட கேஸையும் மாத்தினதில்ல. அவங்களக் கேட்டா 'வாரியம் சொன்னபடி செஞ்சோம்'பாங்க. எங்களக் கேட்டா 'நாங்க சொல்றவங்கதான், செய்யறவங்க இல்ல'ம்போம். இப்படி மாடிக்கும் கீழுக்குமா எல்லாரும் கை கழுவிட்டு வீட்டுக்குப் போயிடுவோம். என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

ஆர்டிஸ் நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. வாரியத்தில் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். நடைவழி வாரியம் இல்லை.

"மான் இல்ல அக்கா," என்றாள்.

மார்லிஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"நான் பின்னாலயே கார்ல வந்தேன். மானும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு அந்த நேரத்துல அங்க இல்லவே இல்ல. இன்னைக்குக் காலையிலயும் வந்துச்சு. காபி மடியில கொட்டுது, தெரியல."

கொதிகலன் உறுமி அடங்கியது.

"இத எங்கிட்ட ஏன் சொன்ன?" என்றாள் மார்லிஸ். "ஏண்டீ? அந்த ரூம்ல வாயத் திறக்கக் கூடாதவ நான் ஒருத்திதான். அத எங்கிட்டயா வந்து சொல்லணும்?"

"வேற யாருகிட்ட சொல்வேன்?"

கதவு திறந்தது. வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நடைன், உறுப்பினர்களில் ஒருத்தி, தலையை நீட்டினாள்.

"பலகாரம் வந்தாச்சா? அது இல்லாம வெர்டெல் கூட்டத்த ஆரம்பிக்க மாட்டேங்கறாரு."

*

தலைவர் வெர்டெல் மோயன் பத்திரப் பதிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டேப் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, அன்றைய தேதியையும் வெளியே உள்ள குளிரையும் அதில் சொன்னார். குளிரைச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

மார்லிஸ் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் திருப்பிப் போட்டாள். அவள் தலைக்கு மேல், தரைமட்டத்தில், நீளமான சின்ன ஜன்னல். அதில் பனியும், பக்கத்து முற்றத்தில் நின்ற ஆரஞ்சு லாரியின் சக்கரங்களும் தெரிந்தன. கேலனின் லாரி.

"கேலன்," என்றார் வெர்டெல், "உடம்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

"டாக்டரும் அதத்தான் எழுதியிருக்காரு. விண்ணப்பத்துல என்னவோ மயக்கம் வருதுன்னு இருக்கே?"

"ஆர்டிஸ் எழுதினா. நான் கையெழுத்துப் போட்டேன்."

"வருதா, வரலையா?"

"அப்பப்போ கொஞ்சம் அசதி."

நடைன் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "கேலன், இங்க பாரு. நாங்க கதவத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறோம். நீ உள்ள வரணும்ல? ஏதாவது ஒண்ணு சொல்லேன்."

"எல்லாருக்கும் வர்றதுதானே நடைன்."

ஆர்டிஸ் மடியில் இருந்த கையுறையைப் பிசைந்தாள். சுவரோரம் இருந்த முதுகைப் பார்த்தாள். அது அசையவில்லை.

அப்போது டுவேன் ரஸ்டாட் பேசினான். ஷெரிஃப் ஆபீஸில் டெபுடி, வேலையில் இருப்பவர்கள் சார்பில் வாரியத்துக்கு வந்தவன். சீருடையில்தான் இருந்தான், தொப்பி பின்னால் ஆணியில் தொங்கியது.

"எனக்கு இதுல பேப்பரே வேணாம்," என்றான். "இவரால ஓட்ட முடியாதுன்னு யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அன்னைக்கு அந்த இடத்துக்கு முதல்ல போனவன் நான். குறுக்க மான், எதிர்ல பஸ், கண் மூடித் திறக்கற நேரம். இந்த மனுஷன் திருப்பினாரு பாருங்க! அந்தப் பஸ்ல என் சின்னவ இருந்தா. இவரு தகுதி இல்லன்னா இந்த மாவட்டத்துல வேற எவன் தகுதி?"

கேலன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லு," என்றாள் ஆர்டிஸ் மெதுவாக.

"சமாளிச்சுக்கலாம்," என்றான் அவன், மேஜையிடம்.

தட்டில் ஒரே ஒரு எலுமிச்சை கேக் துண்டு மிச்சமிருந்தது. கடைசித் துண்டை எடுக்க அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. நடைன் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்தாள். வெர்டெல் மிச்சத்தில் பாதியை வெட்டிக்கொண்டார்.

"சரி," என்றார் மென்றபடி. "நாம ஆலோசனை சொல்றவங்கதான். முடிவு மேல இருக்கறவங்களோடது. லாரி ஓட்டத் தகுதி உண்டுன்னு யாராவது முன்மொழியுங்க."

"நான் முன்மொழியறேன்," என்றான் டுவேன், சந்தோஷமாக.

"வழிமொழியறது?"

நடைன் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

நாற்காலி தரையில் கீறும் சத்தம் கேட்டது.

மார்லிஸ் எழுந்து நின்றிருந்தாள். இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்லிஸ்!" என்றார் வெர்டெல். "வாயத் திறக்காத. நீ பேசினா எல்லாம் பாழ்."

"கேஸப் பத்திப் பேசல வெர்டெல். நான் ராஜினாமா பண்றேன்."

"என்னது?"

"இந்த நொடியிலேருந்து நான் உறுப்பினர் இல்ல. டேப்ல விழுந்துச்சா?"

வெர்டெல் ரெக்கார்டரைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"விழுந்துச்சு," என்றார்.

"அப்ப மிச்சம் எத்தனை பேரு?"

"மூணு."

"மூணு பேரு இருந்தா இதுக்கு என்ன பேரு?"

"காபி குடிக்கிறதுன்னு பேரு," என்றாள் நடைன்.

வெர்டெல் நேர்மையான மனிதர். கூட்டம் இல்லாத கூட்டத்தைப் பதிவு செய்யக் கூடாது. ரெக்கார்டரை நிறுத்தினார். "நீ இப்ப என்ன சொன்னாலும் அது கணக்குல வராது, தெரியும்ல?"

"வர வேணாம். இங்க இருக்கறவங்க காதுல விழுந்தா போதும்." மார்லிஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். தம்பியைப் பார்த்தாள். "நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியாடா?"

கேலனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு மனைவி பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையை ஆர்டிஸ் தன் வாழ்நாளில் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சத்தியம் பண்ணின," என்றான்.

"பண்ணினேன். இந்த ரூம்ல நான் ஒரு வார்த்தை பேசல." "அக்காகிட்ட சொன்னேன். நீ என்ன விட்டுப் போனாலும் போ கேலன். நாளைக்கு நீ போற ரோட்டுல யாரு புள்ள எதிர்ல வருதுன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது!"

டுவேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் பழைய சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "என்ன நடக்குது இங்க?"

கேலன் மேஜையின் ஓரத்தை விரலால் தடவினான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"மான் இல்ல டுவேன்," என்றான்.

"எந்த மான்?"

"எந்த மானும் இல்ல. தானியக் கிடங்கு வரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் யாரோ கண்ணாடியில தட்டினாங்க. நீதான். வண்டி பள்ளத்துல கிடந்துச்சு. 'மானா?'ன்னு நீ கேட்ட. ஆமான்னேன்."

"பஸ்ஸு?"

"பாக்கல."

"பஸ்ஸைப் பாத்துத்தானே திருப்பின?"

"நான் திருப்பல. பஸ்ஸு வந்துச்சுன்னே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

டுவேனின் சிரிப்பு முகத்தை விட்டுப் போக நேரம் எடுத்தது. தன் மகள் எந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்காருவாள் என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

"படம் வரைஞ்சு குடுத்தாளே," என்றான். "நான்தான் உக்காந்து கலர் எடுத்துக் குடுத்தேன்."

"தெரியும்," என்றான் கேலன். "தினம் பாக்கறேன்."

டுவேன் எழுந்தான். ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். அறையில் இருந்த எல்லோருக்கும் அதன் அர்த்தம் புரிந்தது.

"லாரி சாவியக் குடு."

லீவில் போனபோது அந்தச் சாவியை யாரும் கேட்கவில்லை, இவனும் கொடுக்கவில்லை. இடுப்புப் பட்டையிலிருந்து அதைக் கழற்ற கேலனுக்கு நேரமாயிற்று. பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். டுவேன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினான்.

"மேல சொல்லப் போறியா?" என்று கேட்டார் வெர்டெல்.

"நான் டெபுடி. சொல்லாம? லைசென்ஸ் இன்னைக்கே போயிடும்."

வெர்டெல் கண்ணாடியைக் கழற்றினார். "லைசென்ஸ் இல்லாத டிரைவரை மன்றம் மதியம் கூடினதுமே வேலைய விட்டு நிறுத்தும். நிறுத்தியாச்சுன்னா அவன் ஊழியன் இல்ல. ஊழியன் இல்லாதவனுக்கு நாம என்னத்த ஆலோசனை சொல்றது? விண்ணப்பம் அத்தோட செத்துப்போகும். பென்ஷனும் இல்ல, வைத்தியச் செலவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மார்லிஸ் உட்கார்ந்துவிட்டாள். லாரியிலிருந்து தம்பியை இறக்கியாகிவிட்டது. அதோடு வீட்டிலிருந்தும் சோற்றிலிருந்தும் இறக்கிவிட்டோமோ?

"மன்றம் கூடறதுக்குள்ள நீங்க ஒரு வரி எழுதி மேல அனுப்பினா?" என்றாள். "இவனால முடியாது, மருத்துவ ஓய்வு குடுக்கலாம்னு?"

"அனுப்பலாம். நாலு பேரு வேணும்."

"என் ராஜினாமாவத் திரும்ப எடுத்துக்கறேன்."

"அது டேப்ல இருக்கு மார்லிஸ்."

"ஓரினை ஃபோன்ல கூப்பிட்டா?" என்றாள் நடைன்.

"நேர்ல இருக்கணும்னு விதி. அத மாத்தணும்னு போன வருஷம் நாமதான் ஆலோசனை சொன்னோம். மேல இன்னும் யாரும் படிக்கல. பனி ஸ்கூட்டர்லயும் கூட்டிட்டு வர முடியாது, அவருக்கு இடுப்பு எலும்பு மாத்தி ஒரு மாசம் ஆகல. ரோடு திறந்தாத்தான் கார்ல வருவாரு."

யாரும் கேலனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோருக்கும் சிரமமாக இருந்தது.

"ரோடு திறந்தா வருவாரா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"வருவாரு. யாரு திறக்கறது?"

ஆர்டிஸ் எழுந்து மேஜைக்கு வந்தாள். டுவேனின் கையைப் பார்த்தாள், அதன் அடியில் இருந்த சாவியை.

"ஒவ்வொரு அறுவடையிலயும் சர்க்கரை பீட்ரூட் லாரி ஓட்டறவ நான்," என்றாள். "சேத்துல, ராத்திரியில, அதவிடப் பெரிய வண்டி. லைசென்ஸ் என் பர்ஸ்லயே இருக்கு."

"அது மாவட்டத்து வண்டிம்மா," என்றார் வெர்டெல். "நீ ஊழியர் இல்ல. நான் எப்படி அனுமதி குடுக்கறது?"

"உங்ககிட்ட யாரு அனுமதி கேட்டா?" என்றாள் மார்லிஸ். "நீங்க ஆலோசனை சொல்றவங்கதானே?"

நடைன் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

டுவேன் ஆர்டிஸைப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. கோபமா, வேறா என்று சொல்ல முடியவில்லை. "அன்னைக்கு நீ பின்னால இருந்த. எல்லாத்தையும் பாத்த. எங்கிட்ட சொல்லல."

"சொல்லல."

"என் வீட்டுக்காரி உங்களுக்கு மூணு தடவை சமைச்சுக் கொண்டாந்து குடுத்தா. வாங்கிச் சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டோம்," என்றாள் ஆர்டிஸ். "ஒரு வாய்கூட இறங்கல டுவேன். ஆனா சாப்பிட்டோம்."

அவன் தட்டைப் பார்த்தான். கடைசித் துண்டில் மிச்சமிருந்த கால் பாகம் அப்படியே கிடந்தது. பிறகு சாவியின் மேலிருந்து கையை எடுத்தான். அந்தக் கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

ஆர்டிஸ் சாவியை எடுத்தாள். கோட்டை மாட்டினாள். கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து கேலனின் குரல் வந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துத்தான் பேசினான்.

"கிடங்கு தாண்டினதும் பனி தள்ளற முன் தகட்டத் தூக்கிக்கோ. அங்க பாலத்து இரும்பு மேல வந்து நிக்கும். தெரியாம எறக்கினா வண்டியவே தூக்கியடிக்கும்."

"எவ்வளவு தூக்கணும்?"

"ஒரு கை அகலம்."

அவள் காத்திருந்தாள்.

"வளைவுல காத்து மேற்குலேருந்து அடிக்கும்," என்றான். "மெதுவாப் போ."

இன்னும் ஏதாவது வரும் என்று அவள் நின்றாள். வரவில்லை. போனாள்.

மார்லிஸ் சுவரோரம் போய் ஜன்னலைப் பார்த்தாள். ஆர்டிஸின் பூட்ஸ்கள் பனியில் இறங்கி ஏறிக் கடந்தன. எஞ்சின் ஒருமுறை இருமியது, மறுமுறை பிடித்தது. ஆரஞ்சு லாரியின் சக்கரங்கள் உருண்டு ஜன்னலை விட்டு நகர்ந்தன. வெறும் வெள்ளை மட்டும் மிஞ்சியது. புயல் நாளைக்கு என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்குள்ளேயே பனி சாய்வாக விழ ஆரம்பித்திருந்தது.

"ஓரின் வந்ததும் டேப்பத் திரும்பப் போடுவேன் கேலன்," என்றார் வெர்டெல். "இப்ப சொன்னத அப்ப முதல்லேருந்து நீயே சொல்லணும். உனக்காக வேற யாரும் சொல்ல முடியாது. சொல்வியா?"

கேலன் வாயைத் திறந்தான்.

பதில் வரவில்லை. கண்கள் திறந்துதான் இருந்தன. ஜன்னலில் லாரி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யோசிக்கிறானா, இல்லை போய்விட்டானா? மார்லிஸுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளக் கற்றவள் ஒருத்திதான், அவள் வடக்கு ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள்.

அவர்கள் தலைக்கு நேர் மேலே, மாடியில், நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

புயலுக்குப் பயந்து மன்றம் முன்கூட்டியே கூடிக்கொண்டிருந்தது.